கரண்டி அண்ணனும் அலுமினிய ஓட்டையும்

மதுரை வட்டாரத்தில் வாத்தியாரை எதிர்த்து மல்லுக்கட்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். தனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த பிறகும் அடங்காமல், அந்தத் தீர்ப்பையே எதிர்த்து நின்ற மனிதர் எனக்குத் தெரிந்து கரண்டி அண்ணன் ஒருவர்தான்.

கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆள். ஊருக்கு வெளியே இருந்த எங்கள் இன்ஜினியரிங் காலேஜில் ஐந்தாவது வருடமாக பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். எம்.சி.ஏ. படிக்கப் போன நான், ஹாஸ்டலில் அவர் அறையில் மாட்டிக்கொண்டேன். இரண்டு அலுமினியத் தகடுகளைச் சேர்த்து வைத்து, நடுவே சுழலும் இரும்பு முளையை இறக்கினால், உரசுகிற சூட்டில் உலோகம் இளகிக் கலந்து ஒட்டிக்கொள்ளும். நெருப்பும் இல்லை, உருக்குவதும் இல்லை. அப்படிக் கிண்டும்போது உள்ளே எந்தத் துளி எங்கே ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் படமாகக் காட்டுவதுதான் அவர் ஆராய்ச்சி.

அந்த ஓட்டத்தைக் கண்ணாலும் பார்த்தே தீருவேன் என்று ஒருநாள் மெஸ் அண்டாவில் கரண்டியை நட்டுச் சுழற்றி, கறிவேப்பிலை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று குனிந்து நின்றார். பின்னால் எண்பது பேர் தட்டோடு நின்றோம். மெஸ் மாஸ்டர் கரண்டியைப் பிடுங்க, இவர் விடமாட்டேன் என்று இழுக்க, பாதி சாம்பார் மாஸ்டர் வேட்டிக்குப் போனது. பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

ஒரு கணக்கு ஓடி முடிய பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். நடுவில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் மனிதர் கம்ப்யூட்டரை விட்டு நகரமாட்டார். மாதம் ஒரு புதன்கிழமை பராமரிப்பு என்று மின்வாரியத்தில் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். அன்றுதான் அவருக்கு விடுமுறை. சொந்தத் தங்கையின் கல்யாணத்தையே அந்தப் புதனுக்கு மாற்றச் சொல்லி ஜோசியரிடம் போனில் வாதாடினார். தேதி மாறவில்லை. தாலி கட்டியதும், பந்தியில்கூட உட்காராமல் பஸ் ஏறிவிட்டார்.

வம்பு கப்பலூரிலிருந்து வந்தது. அங்கே ஒரு சின்னக் கம்பெனியில், பேட்டரி வண்டிக்கு அடியில் தண்ணீர் ஓடிச் சூட்டைத் தணிக்கும் அலுமினியத் தகடுகளை இந்த முறையில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒட்டு நன்றாக இருக்கிறது என்று அறிக்கை தருவதாக, அண்ணனின் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் கைடு வாக்குக் கொடுத்துவிட்டார். அண்ணனின் படமோ, ஒட்டுக்குள் வலது ஓரமாக ஊசி கனத்தில் நீளமாக ஒரு ஓட்டை ஓடுகிறது என்றது. கணக்கில் கொடுக்கும் உராய்வு எண்ணைக் கொஞ்சம் கூட்டினால் ஓட்டை மூடிக்கொள்ளும், அப்படிச் செய்தால் தீசிஸில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் கைடு.

"கூட்டலாம் சார். கம்ப்யூட்டர்ல மூடிக்கிரும். தகட்டுல மூடாது," என்றார் அண்ணன்.

"அப்ப பத்து வருசமானாலும் நீ வெளிய போகமாட்ட."

"இருந்துக்கிறேன் சார். மெஸ்ல சோறு போடுறாங்கள்ல."

பட்டம் வந்தால்தான் வேலை, வேலை வந்தால்தான் கல்யாணம் என்று அவர் வீட்டில் காத்துக்கிடந்தார்கள். இவரோ மறுநாள் என் பைக்கில் ஏறி கப்பலூருக்குப் போனார். கைடும் வந்திருந்தார். ஒரு தகட்டை அறுத்துப் பாருங்கள், ஓட்டை இல்லையென்றால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று முதலாளியிடம் சவால் விட்டார் அண்ணன்.

அறுத்தார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். ஓட்டை இருந்தது. முதலாளி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கைடு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. தோற்றதை ஒப்புக்கொண்டு, நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நான் குதிக்கவே போய்விட்டேன். அண்ணன் மட்டும் தகட்டுக்கு முன்னால் குந்தியவர் எழுந்திருக்கவில்லை.

"போடாதீங்க சார். நம்ம படத்துல ஓட்டை வலது பக்கம். இங்க இடது பக்கம் கெடக்கு."

நடந்தது இதுதான். அண்ணன் போனில் பின்பக்கக் கேமரா உடைந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு கப்பலூர் மெஷின் சுற்றுவதை செல்ஃபி கேமராவில் வீடியோ எடுத்திருக்கிறார். அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகப் பதிந்திருக்கிறது. அதைப் பார்த்துத் திசை கொடுத்ததில், இரண்டு வருடமாகக் கம்ப்யூட்டருக்குள் முளை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது.

படத்தைத் திருப்பிப் போட்டுக்கொள் என்று கைடு கெஞ்சினார். முளையில் திருகாணிபோல மரை இருக்கிறது, எதிர்ப்பக்கம் சுற்றினால் கீழே இறங்க வேண்டிய உலோகம் மேலே ஏறும், திருப்பினால் சரியாகாது என்றார் இவர். ஓட்டை இருக்கிறதே, அது போதாதா என்றார் கைடு. "உங்களுக்குப் போதும் சார். எனக்குப் பத்தாது," என்று எழுந்துவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்தேன். திருமங்கலம் ரோட்டில் லாரிச் சத்தத்துக்கு நடுவே காதருகில் சொன்னார்: "மாப்ள, அவரு பொய்ய எழுதமாட்டேன்னு அம்புட்டுப் பேசிட்டேன். எம் பொய்ய மட்டும் எழுதச் சொல்றியா?"

அண்ணன் எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து ஓட்டினார். பட்டம் கைக்கு வர இன்னும் ஒன்றரை வருடம் பிடித்தது.

அதற்கு நடுவில் எனக்குக் கல்யாணம் கூடியது. ஜோசியர் மூன்று தேதி கொடுத்தார். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை, பெண் வீட்டாருக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு, புதன்கிழமைதான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வீட்டில் இன்றுவரை யாருக்கும் காரணம் தெரியாது. அண்ணன் முதல் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். சாயங்காலம் வரைக்கும் காலேஜில் கரண்ட் வராது என்று சொல்லி, கடைசிப் பந்தி வரை என் பக்கத்திலேயே நின்றார்.