கிச்சாவின் பாதியும் நீரஜாவின் அன்னாசியும்

மனைவியின் நாக்கைத் திருத்தியே தீருவது என்று ஒரு சனிக்கிழமை கிச்சா முடிவெடுத்தார். பேசுகிற நாக்கை அல்ல; அந்த முயற்சியைக் கல்யாணமான ஆறாம் மாதமே கைவிட்டாயிற்று. இது பிட்ஸா தின்கிற நாக்கு.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால், மூன்றாவது மாடியில் குடித்தனம். நீரஜா கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிஸிக்ஸ் டீச்சர். சனிக்கிழமை சாயங்காலம் அடுப்பு பற்றவைப்பதில்லை என்பது அவள் விதி. நியூட்டனின் விதி மாதிரி அதற்கும் விலக்கு கிடையாது. கிச்சாவைப் பொறுத்தவரை அது தலைவிதி.

ஆகவே சனிக்கிழமைதோறும் சைதாப்பேட்டை ஷோயப் கடையிலிருந்து பெரிய பிட்ஸா ஒன்று வரும். ரொட்டி மெல்லிசாக இருக்கவேண்டும் என்பதில் மட்டும் தம்பதிக்குள் ஒற்றுமை. அதற்கு மேலே, நட்டநடுவில் ஓர் எல்லைக்கோடு. இந்தப் பக்கம் கிச்சா: தக்காளி, சீஸ், துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி நாலு இலை. அந்தப் பக்கம் நீரஜா: அன்னாசிப்பழம், மக்காச்சோளம், போதாததற்கு வீட்டு மிளகாய்ப்பொடி.

ஆபீஸ் வேலையாக ஒரே ஒரு தடவை மிலானுக்குப் போய் ஒரு வாரம் தங்கியவர் கிச்சா. அந்த ஒரு வாரத்தைப் பல வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

"பிட்ஸா மேல பழத்தைப் போட்டா இத்தாலில ஊரை விட்டே தள்ளி வெச்சுடுவா, தெரியுமோ?"

"நான் மயிலாப்பூர்லன்னா இருக்கேன்."

"பேரையாவது பாரேன். அன்னா... சீ! நீ 'ஏன்னா'ன்னு கூப்ட்டு மூஞ்சில துப்பறாப்ல இருக்கு."

"துப்பணும்னா சொல்லிட்டே துப்பறேன். பேசாம சாப்டுங்கோ."

வாதம் எடுபடவில்லை. அப்போதுதான் கிச்சாவுக்கு அந்த அபார யோசனை உதித்தது. எதிர்த்தால்தானே அவளுக்குப் பிடிவாதம்? தானே ஆசைப்பட்டு அந்த அன்னாசிப் பாதியைத் தின்றுவிட்டால்? அவளுக்கு மிஞ்சுவது தக்காளிப் பாதிதான். தின்னத் தின்ன நாக்கு வழிக்கு வந்துவிடும். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு தின்றால் போதும்; ஆயுள் முழுக்க இத்தாலி.

அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் திறந்ததும் ஆரம்பித்தார்.

"நீரஜா, உன் பாதிலேர்ந்து ஒரு துண்டு எடுத்துக்கட்டுமா?"

விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "உடம்பு சரியில்லையா?"

"மனுஷன்னா புதுசு புதுசா ருசி பார்க்கணும்."

ஒரு கடி கடித்தார். பாயசத்தில் ஆவக்காய் விழுந்தால் எப்படி இருக்கும்? பாயசம் கொதிக்கவும் கொதித்தால்? அப்படி இருந்தது.

"பேஷ்!" என்றார் கிச்சா.

"கண்ணுல ஏன் ஜலம்?"

"ஆனந்தம்."

நீரஜா ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு தன் பங்குத் துண்டுகள் அத்தனையையும் பாசத்தோடு அவர் தட்டில் தள்ளிவிட்டு, அவர் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மெதுவாக மென்றாள். கண்ணை வேறு மூடிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்றார் கிச்சா, ஆவலை அடக்கமுடியாமல்.

"சப்புனுதான் இருக்கு. என்ன பண்றது? உங்களுக்குப் பிடிச்சுடுத்தே. நான் அனுசரிச்சுக்கறேன்."

கிச்சா உள்ளுக்குள் துள்ளினார். மருந்து வேலை செய்கிறது!

மறுவாரம் ஷோயப்பே நேரில் வந்துவிட்டார். மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு வாசலில் நின்றார். கையில் இரண்டு பெட்டி.

"இன்னா சார், அன்னாசிக்கு மாறிட்டீங்களாமே! மேடம் போன்ல சொன்னாங்க. இது முழுசும் உங்களுக்குத்தான். பழம் டபுளா போட்டுக்கீறேன். அது மேடத்துக்கு, தக்காளி."

"முழுசுமா?" என்றார் கிச்சா. குரல் எழும்பவில்லை.

"பார்த்தேளா, சந்தோஷத்துல பேச்சே வரலை" என்றாள் நீரஜா ஷோயப்பிடம்.

அதோடு முடிந்ததா? கொட்டிவாக்கத்திலிருந்து அக்கா விஜயலக்ஷ்மி போன் செய்தாள். "ஏண்டா கிச்சா, அன்னாசின்னா உசுரை விடறியாமே! கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னியோ?" சொல்லாத குற்றத்துக்குத் தண்டனையாக அன்னாசி ரசம் வந்தது. அன்னாசிக் கேசரி வந்தது. அன்னாசி ஊறுகாய் ஒரு ஜாடி வந்தது. பிறந்தநாளுக்கு ஆபீஸில் கேக் வெட்டச் சொன்னார்கள். வெட்டினால் உள்ளே மஞ்சள் மஞ்சளாக அதே பழம். "உங்க ஆத்து மாமியைத்தான் சார் கேட்டோம்" என்று பெருமையாகச் சொன்னார்கள்.

திருத்தக் கிளம்பியது அவள் நாக்கை. தோல் உரிந்தது இவர் நாக்கு. காபி குடித்தால் எரிந்தது. மோர் குடித்தாலும் எரிந்தது. எதிரே ரசித்து ரசித்துத் தக்காளி பிட்ஸா தின்றுகொண்டிருந்தவளைப் பார்த்தால் வயிறும் எரிந்தது.

ஒரு மாதம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிச்சா சரணடைந்தார்.

"நீரஜா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு அன்னாசி பிடிக்கலை."

"தெரியும்" என்றாள் அவள், சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமல்.

"எப்போ தெரியும்?"

"நீங்க 'பேஷ்'னு சொன்னப்பவே. இத்தனை வருஷத்துல நான் செஞ்ச எதையாவது நீங்க 'பேஷ்'னு சொல்லியிருக்கேளா?"

"தெரிஞ்சுண்டேவா முழு பிட்ஸா வரவழைச்சே?"

"ஆசையாக் கேட்டேளே."

"உன் அன்னாசி பறிபோறதேன்னு உனக்கு வருத்தமே இல்லையா?"

"எனக்கு அன்னாசி பிடிக்கும்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

கிச்சா நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார்.

"பின்னே இத்தனை வருஷமா அதைத்தானேடி தின்னே?"

நீரஜா இப்போது பேனாவை வைத்தாள். "கல்யாணமான புதுசுல ரெண்டு பேருக்கும் தக்காளிதான் வாங்கினோம். உங்க பங்கை நீங்க அவுக் அவுக்னு முழுங்கிடுவேள். அப்புறம் 'நீ நிதானமா சாப்டு'ன்னு சொல்லிண்டே என் பங்குலேர்ந்து ரெண்டு துண்டு எடுப்பேள். எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன்! கேட்டேளா? ஒரு நாள் என் பாதில அன்னாசி போடச் சொன்னேன். அன்னிலேர்ந்து உங்க கை இந்தப் பக்கம் வரலை. எனக்கும் அது தொண்டைல இறங்காதுதான். அந்த வாசனை தெரியாம இருக்கத்தானே மிளகாய்ப்பொடி."

கிச்சாவுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பட்டினி கிடக்காமல் இருக்கப் பிடிக்காத பழத்தைத் தின்றிருக்கிறாள், பாவம். வெட்கம் அடங்கியதும் இன்னொன்று உறைத்தது. அவளுக்கும் பிடித்தது தக்காளிதான்! அப்படியானால் ஜெயித்தது யார்? இத்தாலி!

"போனது போகட்டும் நீரஜா. இனிமே முழு பிட்ஸாவும் தக்காளி. உன் பாதியை நான் தொடவே மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தச் சனிக்கிழமை முழுத் தக்காளி பிட்ஸா வந்து இறங்கியது. ஒரு மாத ஏக்கம். நீரஜா உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள் கிச்சாவின் பாதி காணாமல் போயிருந்தது. மறுபாதி அப்படியே ஆவி பறக்கக் கிடந்தது. சத்தியம் செய்தது வாய்தானே? கையைக் கேட்டா செய்தது? கை தானாகக் கிளம்பி எல்லைக்கோட்டைத் தாண்டியது.

உள்ளிருந்து வந்த நீரஜா, தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். இன்னொரு கையிலிருந்த கிண்ணத்தைத் தன் பாதியின் மேல் நிதானமாகக் கவிழ்த்தாள். மத்தியானமே கரகரவென்று வறுத்துவைத்த பாகற்காய்.

"பிட்ஸாவுல பாகற்காயா!" என்று அலறினார் கிச்சா.

"ஆமாம்" என்றாள் நீரஜா, முதல் துண்டை எடுத்துக் கடித்தபடி. "இது எனக்கு நிஜமாவே பிடிக்கும்."