சாம்பிளுக்கு ஒரு ஜன்னல்

என் அப்பா ஆவுடையப்பன் ஒரு சபதம் போட்டார். சபதம் போடுவதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. முடிப்பதற்குத்தான் இதுவரை நேரம் அமையவில்லை.

"மச்சான் கப்பலை விட்டு இறங்கும்போது ஹேடோ ஜெட்டியில நம்ம ஜீப்பு நிக்கும். ஸ்டியரிங்ல நான் இருப்பேன். பாத்துக்கோ."

மச்சான் என்றது அம்மாவின் தம்பி முருகானந்தத்தை. தூத்துக்குடிக்காரர். முதல் தடவையாக அந்தமானுக்கு வருகிறார். அவரிடம் கார் இருக்கிறது. இந்தச் செய்தியை அவர் யாரிடமும் பெருமையாகச் சொல்வதில்லை. "கார் ஓட்டிக்கிட்டு இருக்கேன் அத்தான், அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிடுவார். அவ்வளவுதான். அப்பா அன்றைக்கு இரண்டு கவளம் குறைத்துச் சாப்பிடுவார்.

அதனால்தான் ஜீப். ஏதோ ஒரு அலுவலகம் கழித்துப்போட்ட வண்டியை ஏலத்தில் எடுத்தார். எஞ்சினுக்கு மெக்கானிக் உயிர் கொடுத்துவிட்டார். ஓடும். பிரச்சினை மேல்தோலில். பானெட்டில் இந்தியில் 'அரசு வாகனம்' என்று எழுதியிருந்தது. அதோடு ரோட்டில் இறங்கினால் போலீஸ் கேட்கும். மேலேயே வேறு பெயிண்ட் அடித்துவிடலாம் என்றால், இருக்கிற பெயிண்ட் கோட்டுமேல் கோட்டாக அப்பிக் கிடந்து, நமத்துப்போன அப்பளம்போலப் பொருக்குவிட்டிருந்தது. அதன்மேல் புதுப் பெயிண்ட் அடித்தால் இரண்டும் கைகோத்துக்கொண்டு உதிரும். உரித்தே ஆக வேண்டும்.

ஆகவே பானெட்டும் மட்கார்டும் பின்கதவும் கழன்று, சிப்பிகாட்டில் உள்ள எங்கள் வீட்டு முன்னறைக்குக் குடிவந்தன. பானெட் சாமி அலமாரிக்குப் பக்கத்தில். அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டால் பாதிக் கும்பிடு அரசு வாகனத்துக்குப் போனது.

அம்மா சுகுணா சண்டை போடவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்.

"எந் தம்பி வர்றதுக்குள்ள இதெல்லாம் வெளிய போகணும். ரோட்டுக்குப் போனாலும் சரி. கபாடிக்குப் போனாலும் சரி."

கபாடி என்றால் இங்கே விளையாட்டு இல்லை. பழைய இரும்பு வாங்குகிறவர்.

இனி என் கட்சி. நான் போர்ட் பிளேரில் காலேஜில் வேதியியல் படிக்கிறேன். பெயிண்டை எதைக் கொண்டு உரிப்பது என்பது சுத்தமான வேதியியல் கேள்வி. நியாயமாக என்னைக் கேட்டிருக்க வேண்டும். அப்பா யூடியூபைக் கேட்டார்.

"ஏட்டி உதயா, காஸ்டிக் சோடா போதும்ங்கான் ஒருத்தன்."

"இரும்புக்குப் போதும்ப்பா. அலுமினியத்துல பட்டா அலுமினியத்தையே தின்னுரும். உங்க கையில பட்டா உங்க கையைத் தின்னுரும்."

"உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சா?"

"பழைய பெயிண்டுல ஈயம் இருக்கும். தூசியாப் பறந்து நெஞ்சுக்குள்ள போயி உக்காந்துக்கிடும்."

"தீயைக் காட்டுனா?"

"தகரம் நெளிஞ்சுரும். அந்தப் புகையும் ஆகாது."

"கலர் சோடாவுல ஊறப்போடச் சொல்லுதானே ஒருத்தன்?"

"அவன் லைக்குக்குச் சொல்லுதான்."

"அப்ப எதுதான்ட்டி நல்லது?"

"சோதிச்சுப் பாத்துத்தான் சொல்லணும்."

இந்தப் பதிலை நான் இன்றைக்கும் ஆதரிக்கிறேன். அதில் ஒரு எழுத்தைக்கூட வாபஸ் வாங்கமாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

"சோதிக்கிறதுன்னா எப்படிட்டி?"

"சாம்பிள் எடுக்கணும்மா. நேரா பானெட்டுல ஊத்திக் கெடுத்துட்டா பானெட்டு போச்சு. வேற ஏதாவது, பழைய பெயிண்ட் அடிச்ச இரும்புல போட்டுப் பாக்கணும்."

"பழைய பெயிண்ட் அடிச்ச இரும்புக்கு நான் எங்க போறது?" என்றார் அப்பா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார்.

"ஜன்னல் கம்பி இருக்கே" என்றாள் அம்மா. மறுபடி வெண்டைக்காய் நறுக்கினாள்.

அந்த ஜன்னல் கம்பிகளின் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். அவற்றைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி அம்மா கேட்க ஆரம்பித்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்பாவின் பதில் எப்போதும் ஒன்றுதான். "கடல் காத்தை நாம என்ன செய்ய முடியும், சுகுணா?" கேட்டால் ஏதோ தத்துவம் மாதிரி இருக்கும். துரு உதிர்ந்து தரையில் கிடக்கும். அம்மா கூட்டுவாள்.

சோதனை தொடங்கியது. அபர்தீன் பஜார் கடையில் அப்பா காஸ்டிக் சோடாவும், கூழ் மாதிரி இருக்கும் பெயிண்ட் ரிமூவர் ஒரு டின்னும் வாங்கினார்.

"தாதா, இது பக்காவா உரிக்குமா?"

வங்காளிகளுக்குத் தாதா என்றால் அண்ணன். கடைக்காரர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "பெயிண்ட் க்யா பாய் சாப், சம்ரி பி நிக்லேகா."

தோலும் சேர்ந்து உரியுமாம். கையுறை நான் வாங்கவைத்தேன்.

காஸ்டிக் சோடாவை எதில் கரைப்பது என்று அப்பா என்னைக் கேட்கவில்லை. நான் பிளாஸ்டிக் வாளி தேடிப் பின்பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தால் சர்ரென்று சத்தம். அம்மாவின் அலுமினியச் சட்டி நுரைத்துக் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பே இல்லாமல்.

"அலுமினியம்னு சொன்னேனேப்பா!"

"நீ ஜீப்பு அலுமினியத்தைச் சொன்னதா நினைச்சேன்ட்டி!"

சட்டியின் அடியில் ஓட்டை விழுந்தது. அம்மா அந்த ஓட்டை வழியாக அப்பாவைப் பார்த்தாள். சட்டியை ஆணியில் மாட்டிவைத்தாள், எல்லோர் கண்ணிலும் படும்படியாக. அன்றிலிருந்து அப்பா அம்மாவை எதிர்த்து எதையாவது சொல்ல வாய் திறந்தால் கண் அந்த ஆணிக்குப் போய்விடும்.

முன்னறை ஜன்னலில் பாதிக்குக் காஸ்டிக், பாதிக்குக் கூழ். காஸ்டிக் பக்கம் யோசித்துக்கொண்டே இருந்தது. கூழ் பக்கம், அப்பா டீ குடித்து முடிப்பதற்குள், பெயிண்ட் சுருங்கி முகம் சுளித்து, பாலாடை மாதிரி எழும்பி வந்தது. தகட்டால் தள்ளினால் சுருள் சுருளாக விழுந்தது. அடியில் பளபளவென்று இரும்பு.

"முடிஞ்சு போச்சு! கூழுதான்! எடு பானெட்டை!"

அப்பா குதித்தார். அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கம்பியைத் தடவிப் பார்த்தாள்.

"ஒரே ஒரு ஜன்னலை வச்சுச் சொல்லிர முடியுமா? ஏட்டி, நீ படிக்கிறப்போ என்னமோ சொல்லுவியே. இது தற்செயலாக்கூட நடந்திருக்கலாம்லா?"

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் புல்லரித்தது. என் வீட்டில், என் அம்மா, மறுசோதனை கேட்கிறாள்!

"அம்மா சொல்றதுதான்ப்பா சரி. ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணினா அது அறிவியலே இல்லை. இன்னும் நாலஞ்சு இடத்துல வேணும்."

வீட்டில் இன்னும் சரியாக அத்தனை ஜன்னல்கள்தான் இருந்தன.

அடுப்படி ஜன்னலில் எண்ணெய்ப் பிசுக்கு. "அது வேற மாதிரி கேஸு, அதையும் பாக்கணும்லா?" என்றாள் அம்மா. பார்க்க வேண்டும் என்று நான் ஒரு சின்ன உரையே நிகழ்த்தினேன். மேற்குப் பக்க ஜன்னலில் உப்புக்காற்று நேராக அடிக்கும். அதுவும் வேறு கேஸ். வாசல் கேட்?

"ஜீப்பு மாதிரியே கோட்டுமேல கோட்டா அடிச்சது அது ஒண்ணுதானேட்டி நம்மகிட்ட?"

மறுக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். கூழைப் போட்டு உரித்தால் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவ வேண்டும். எங்களுக்குக் குழாயில் தண்ணீர் வருவது அது நினைத்தால்தான். அம்மா டிரம்மில் பிடித்து மூடி, மூடிமேல் அம்மியை வைத்திருப்பாள். நான் தலைக்குக் குளிக்க ஒரு வாளி அதிகம் கேட்டால் குடும்ப வரலாறு முழுக்கப் பேசுவாள். அதே அம்மா ஜன்னல் கழுவ, "எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க" என்றாள். பானெட்டைக் கழுவ மட்டும் தண்ணீர் ஒருநாளும் தேறவில்லை.

சாயங்காலம் உரித்த கம்பிகளைப் பார்த்தால் பளபளப்புப் போய் இளஞ்சிவப்பு பூத்திருந்தது.

"என்னட்டி இது? மறுபடியும் துரு?"

"ஈரக்காத்துப்பா. அதுல உப்பும் சேந்திருக்கு. உரிச்ச இரும்பு நம்மூர்ல ஒரு நாள்கூடத் தாங்காது. உடனே பிரைமர் அடிச்சு மூடணும்."

"அப்படியா!" என்றாள் அம்மா. உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டின் பிரைமருடன் வந்தாள்.

"இது ஏதும்மா?"

"கிடந்துச்சு."

பிரைமர் அடித்தார் அப்பா. எல்லாக் கம்பியும் செங்கல் நிறம் ஆனது.

"இது மட்டும் போதுமாட்டி?" என்றாள் அம்மா, ரொம்ப அப்பாவியாக.

"போதாதும்மா. பிரைமர்ல கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கும். ஈரம் இறங்கும். மேல பெயிண்ட் அடிச்சாத்தான் முழுசாக் காக்கும்."

"அடடே!"

கட்டிலுக்கு அடியிலிருந்து மயில் நீலப் பெயிண்ட் வந்தது. புது பிரஷ் வந்தது. தின்னர் வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். வழக்கு நடக்கும்போது சொந்த வக்கீலே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொன்னால் ஒரு மனுஷன் எப்படிப் பார்ப்பானோ, அப்படி.

"ஏட்டி, நீ யாரு பக்கம்?"

"நான் உண்மை பக்கம்ப்பா."

"அது உங்கம்மா கட்டிலுக்கு அடியிலயா இருக்கு?"

இதற்குள் எனக்குக் கண்ணாடி மாதிரி விஷயம் தெரிந்துவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். தெரியவில்லை. வாசல் கேட்டில் கூழ் வேலை செய்கிற வேகம் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினால் ஆழமாக இறங்குகிறது என்று கண்டுபிடித்தேன். அப்பாவிடம் இரண்டையும் விளக்கினேன். அவர் உரித்தார், கழுவினார், அடித்தார். அவர் தலைமுடியில் மயில் நீலம் ஏறியது.

கப்பல் வருவதற்கு முந்தின நாள் ஒருவழியாக நான் தீர்ப்புச் சொன்னேன். "கூழுதான்ப்பா. சந்தேகமே இல்லை. நிழல்ல வச்சு, தாள் போட்டு மூடி, கழுவின உடனே பிரைமர். பானெட்டைத் தூக்குங்க."

அப்பா பானெட்டைத் தூக்கினார். டின்னையும் தூக்கினார். டின் காற்றுமாதிரி வந்தது. உள்ளே விரலை விட்டு வழித்தார். 'அரசு வாகன'த்தில் முதல் எழுத்தை அழிக்கக் காணாது.

பஜாருக்கு ஓடினோம்.

"கதம் ஹோ கயா" என்றார் கடைக்காரர். தீர்ந்துவிட்டதாம். அடுத்தது சரக்குக் கப்பலில்தான் வருமாம். தீப்பிடிக்கிற சாமான், விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

"கப்பல் எப்ப தாதா வரும்?"

"ஆயேகா."

வரும். எங்கள் தீவில் இதைவிடத் துல்லியமான பதில் கிடையாது.

மறுநாள் அப்பா ஹேடோ ஜெட்டிக்கு ஆட்டோவில் போனார். நானும் போனேன். ஜெட்டியில் மாமா இறங்கி, அங்கே நின்ற வண்டிகளை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஜீப்புன்னு சொன்னியளே அத்தான்?" என்றார். அப்பா கப்பலைப் பார்த்தார். கப்பல் என்ன செய்யும்?

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. மாமா இறங்கவே மறந்து பார்த்தார். மயில் நீலக் கேட். மயில் நீல ஜன்னல்கள். வெயிலில் மினுங்கின.

"அத்தான்! வீட்டை இப்படியா வச்சிருக்கிய? நம்ம ஊர்ல எங்க வீட்டுக் கம்பியெல்லாம் பாத்தா அழுகை வரும். இதெல்லாம் நீங்களே செஞ்சதா?"

அப்பாவின் நெஞ்சு நிமிர்ந்தது. கதவைத் திறந்து உள்ளே போனதும், பானெட் எதிர்கொண்டு வரவேற்றது. நெஞ்சு பழைய இடத்துக்குப் போனது.

"இதுதான் ஜீப்பாக்கும்?" என்றார் மாமா.

"ஆராய்ச்சியில இருக்கு" என்றாள் அம்மா. தம்பிக்கு மோர் கொடுத்தாள்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தட்டியதும் கொதித்தது. மாமா குளிக்கப் போனதும் அம்மாவைத் தேடிப் பின்பக்கம் போனேன். கக்கூஸ் தகரக் கதவுக்கு முன்னால், கையில் பிரஷ்ஷும் பெயிண்ட் டப்பாவுமாக நின்றிருந்தாள்.

"அம்மா, இது அநியாயம்!"

"இதைக் கொஞ்சம் பிடிட்டி, இடுப்பு வலிக்கு." பிரஷ்ஷை என்னிடம் கொடுத்தாள். பலகையில் உட்கார்ந்தாள். "என்ன அநியாயம்?"

"அப்பாவை ஏமாத்திட்ட! முதல் நாள்லயிருந்து உனக்கு ஜன்னல்தான் வேணும். ஜீப்பே இல்ல!"

"ம்."

"என்னோட அறிவியலை நீ பயன்படுத்திக்கிட்ட. எதையுமே நீ சொல்லல. கேள்வியா கேட்ட. பதிலெல்லாம் என் வாயிலயிருந்து வந்துச்சு!"

"ம். சொட்டுது பாரு, கீழ."

"இப்ப நிபந்தனைப்படி ஜீப்பைக் கபாடிக்குத் தூக்கிக் குடுப்பியாக்கும்? அப்பாவுக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாத்தியா?"

"நான் ஏன் குடுக்கேன்? கபாடிக்காரனை வேண்டாம்னு சொல்லிட்டேன். ஜீப்பு இருக்கிற வரைக்கும்தான் உங்கப்பாவுக்குக் கை ஓடும். மாடி ஏணி கிடக்கு. தண்ணித் தொட்டி ஸ்டாண்டு கிடக்கு."

இதற்கு நான் விட்டேனா? விடவில்லை. உழைப்பைப் பற்றிப் பேசினேன். சம்மதம் என்றால் என்ன என்று பேசினேன். ஒரு மனிதனின் கனவைக் காட்டி அவனிடம் வேலை வாங்குவது எந்த விதத்தில் நியாயம் என்று கேட்டேன். தலைப்பு மாற்றி மாற்றி, மேலிருந்து கீழாக, மூலை முடுக்கு விடாமல் வாதாடினேன். அம்மா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தலையைத் தலையை ஆட்டினாள். கடைசியில், "நீ சொல்லுததுதான்ட்டி நியாயம்" என்று ஒப்புக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

என் வாழ்க்கையில் அம்மாவிடம் நான் முழுசாக ஜெயித்த முதல் வாதம் அது. பெருமூச்சு விட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

கதவு முழுக்க மயில் நீலமாக இருந்தது.