எண்பத்து மூணு பர்சென்ட்டில் ராகு காலம்

உ

வடக்கனந்தல்,
ஆவணி மாதம், திங்கட்கிழமை

அன்புள்ள பேத்தி எழில்மதிக்கு உன் ஆயா ராணியம்மாள் தலையைத் தடவி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் தாத்தாவும் கறவை மாடு இரண்டும் கன்றுக்குட்டியும் நலம். உன் அம்மா நலத்துக்கும் மேலே நலம். டேப்லெட் நலமாக இல்லை. கோயம்புத்தூரில் உன் உடம்பு எப்படி, ஆபீஸ் எப்படி, விடுதியில் சாப்பாடு எப்படி என்று விவரமாக எழுதவும். சாப்பாட்டைப் பற்றி நீ எழுதலாம். நான்தான் பொங்கல் வரைக்கும் வாய் திறக்கக்கூடாது. எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ ஆடித் திருவிழாவுக்கு வந்தபோது நடந்தது உனக்கே தெரியும். கொரோனா காலத்தில் உன் ஆன்லைன் கிளாசுக்கு உங்கப்பன் தமிழரசன் வாங்கிக் கொடுத்த டேப்லெட், நீ படிப்பை முடித்த பிறகு எனக்கு வந்தது. நான் அதில் உன் முகத்தைப் பார்த்துப் பேசுவேன், பக்திப் பாட்டு கேட்பேன். போன வருசத்திலிருந்து அது நடக்கமாட்டாமல் நடந்தது. ஒரு சமையல் வீடியோ போட்டா இங்க சோறு வெந்து வடிச்சி இறக்கியாச்சு, அங்க அந்தம்மா இன்னும் வணக்கம் சொல்லிக்கினே நிக்கிறா. உங்கப்பன் அதை பழைய சாமானுக்கு பிளாஸ்டிக் டப்பா குடுக்கிற வண்டிக்காரன்கிட்ட தள்ளிவிடப் பார்த்தான். நீதான் தடுத்தே. "ஆயா, மிஷினு நல்லாத்தான் இருக்குது, உள்ள ஓடற சிஸ்டம்தான் கெழடு. அதை எடுத்துட்டு லினக்ஸ் போட்டா குதிரையாட்டம் ஓடும். ஊர் ஒலகத்துல இருக்கிறவங்க எல்லாம் ஒண்ணா எழுதி, சும்மா குடுக்கிறது. அதுல வர்ற தமிழ் நானும் சேந்து எழுதினது"ன்னு சொன்னியே, அன்னைக்கு சாயந்தரத்துக்குள்ள இந்தத் தெருவுல அது தெரியாத வூடு இல்ல. என் பேத்தி எழுதின தமிழு என் டேப்லெட்ல ஓடப்போவுதுன்னு ரேஷன் கடை வரிசையில கூட சொன்னேன்.

உனக்கு லீவு முடிஞ்சிபோச்சி. முக்கால்வாசி வேலையை முடிச்சி, சின்ன கார்டு ஒண்ணை உள்ள சொருகிவச்சிட்டு, மிச்சத்தை நாலுவரி நோட்டுத் தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போனே. சார்ஜ் முழுசா ஏத்து, ஓரத்துல இருக்கிற ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கு, பட்டியல்ல "நிறுவு"க்குப் போய் அமுக்கு, அரைமணி முக்கால்மணி ஆவும், நடுவுல நிறுத்தாதே. நடுவுல நிறுத்தாதேங்கறதுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருந்தே. கோடு போட்டதை நான் பாக்கலைன்னு மட்டும் நினைக்காதே கண்ணு. பாத்தேன்.

அதை நான் பாட்டுக்கு நிதானமா செஞ்சிருப்பேன். கெடுத்தது உங்கம்மா பூமாலை வெச்ச காரக்குழம்பு. அந்த வியாழக்கிழமை குழம்புல புளி ஜாஸ்தி, உப்பு கம்மி, கத்திரிக்காய் வேகல. நான் அதை மட்டும்தான் சொன்னேன், வேற ஒண்ணும் சொல்லல. பூமாலை கரண்டியைக் கீழ வச்சா. "அத்த, இந்த வூட்டுக்கு வந்து இருபத்தாறு வருசமா நீங்க ஒரு நாளு கூட நல்லாருக்குதுன்னு சொன்னதில்ல. கொற சொல்ல படிப்பு வேணாம். உங்க பேத்தி எழுதிவச்சிட்டுப் போனதை செஞ்சிகாட்டுங்க, அப்பறம் கொழம்பைப் பத்தி பேசுங்க. அஞ்சாங்கிளாசுக்கு அதெல்லாம் ஆவற காரியமா?" அப்படின்னா. நான் சும்மா இருப்பேனா? "அஞ்சாங்கிளாஸ்தான்டி. ஆனா அஞ்சையும் ஒரே தடவையில பாஸ் பண்ணவ. ஒன்னாட்டம் பன்னெண்டாவதை ரெண்டு தடவை எழுதல"ன்னேன். அதோட பந்தயம் முத்திப்போச்சி. மறுநா வெள்ளிக்கிழமை மத்தியான சோத்துக்குள்ள டேப்லெட்ல லினக்ஸ் ஓடினா, பொங்கல் வரைக்கும் என் கை அளவுலதான் குழம்பு. ஓடலைன்னா பொங்கல் வரைக்கும் சாப்பாட்டைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கறிவேப்பிலை கேக்க வந்த பக்கத்து வூட்டு செல்லியம்மா சாட்சி. அவ கறிவேப்பிலையை மறந்துட்டு பந்தயத்தை மட்டும் எடுத்துக்கினு போனா. காலையில தெருவே வந்து நிக்குது.

நல்ல நேரம் ஒம்பதே காலுலேர்ந்து பத்தே கால். உங்க தாத்தா காலண்டரைக் கழட்டி மடியில வச்சிக்கினு ஒக்காந்தாரு. நான் டேப்லெட்டை மணைப்பலகை மேல வச்சி, ரெண்டு பட்டனையும் அமுக்கி பட்டியலை வரவச்சிட்டு, புதுசா ஒண்ணு உள்ள குடிவருதேன்னு மஞ்சளும் சந்தனமும் குழைச்சி நாலு மூலைக்கும் பொட்டு வச்சேன். மூணு மூலைக்கு ஒண்ணும் ஆவல. நாலாவது மூலையில சந்தனம் பட்டன் சந்துல எறங்கிடுச்சி. பட்டன் அமுங்கினது அமுங்கினபடியே நிக்குது. பட்டியல் பாட்டுக்குத் தானா கீழ ஓடுது, திரும்ப மேல வருது, திரும்ப கீழ ஓடுது, ராட்டினத்தைப் பாக்கிறாப்பல தெருவே பாத்துக்கினு நிக்குது. "இதான் லினக்ஸா? நல்லா வேகமாத்தான் ஓடுது"ன்னு செல்லியம்மா சொல்றா. வெளக்குமாத்துக் குச்சியை ஒடிச்சி, சந்தனத்தைத் தோண்டி எடுத்து, முந்தானையில தொடச்சி, "நிறுவு"ல கொண்டாந்து நிறுத்தி அமுக்கினப்ப மணி ஒம்பதே முக்கால் தாண்டிடுச்சி.

ஆனா அமுக்கினதும் வந்துது பாரு கண்ணு, கருப்புத் திரையில வெள்ளை எழுத்துல தமிழு! "நிறுவப்படுகிறது. பொறுத்திருக்கவும்." உன் எழுத்து. நான் சத்தமா படிச்சேன், தெருவே கேட்டுது. பத்து பர்சென்ட், இருவது பர்சென்ட்டுன்னு ஏறுது. முப்பத்தேழுல போயி ஒக்காந்துடுச்சி, எழுந்திரிக்கவே மாட்டேங்குது. உங்கம்மா சமையக்கட்டு வாசல்ல கையைக் கட்டிக்கினு நின்னு, "இன்னாங்க அத்த, உங்க பேத்தி பஸ்சு வெள்ளிமலை ஏத்தத்துல நின்னுடுச்சா?"ன்னு கேக்குறா. திடீர்னு கெளம்பி அம்பது, அறுவது, எழுவதுன்னு போச்சி. எண்பத்து மூணு வந்தப்ப உங்க தாத்தா தொண்டையைக் கனைச்சாரு. "ராணீ, பத்து இருவத்தெட்டு."

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். உங்க தாத்தா, "ஆரம்பிச்சது நல்ல நேரந்தானே, வுடு"ன்னாரு. ஆரம்பிக்கிறதா முக்கியம்? பொண்ணை நல்ல நேரத்துல பொறந்த வூட்டுலேர்ந்து அனுப்பிட்டு, மாமியார் வூட்டு வாசப்படியை ராகு காலத்துல மிதிக்க வுடுவோமா? இதுவும் அப்படியே வுட்டா பத்து நாப்பதுக்குத்தான் உள்ள காலடி எடுத்து வைக்கும். உன் எழுத்து முதமுதலா என் கையில பேசறது ராகு காலத்துலயா? நான் என்னா நினைச்சேன்னா, நம்ம மோட்டாரு இருக்குதே, மும்முனை கரண்டு போனா நிக்குது, வந்தா வுட்ட எடத்துலேர்ந்து கரும்புக்குத் தண்ணி பாயுது. அந்த மாதிரி ஒண்ணரை மணி நேரம் ஓய்வா நிறுத்தி வச்சிட்டு, பன்னெண்டுக்கு மேல எண்பத்து மூணுலேர்ந்து ஏத்திக்கலாம்னு நினைச்சேன். அப்பப் பாத்து கீழ இன்னொரு வரி வருது: "சாதனத்தை நிறுத்த வேண்டாம்." உன் எழுத்துதான். ஆனா எழில்மதி, ராகு காலம் உனக்கும் மூத்தது, எனக்கும் மூத்தது. பத்து இருவத்தொம்பதுக்கு பவர் பட்டனை அமுக்கிப் புடிச்சி நிறுத்திட்டேன். நிறுத்திட்டு நிம்மதியா மோர் குடிச்சேன்.

பன்னெண்டு ஒண்ணுக்கு அமுக்கினேன். வரல. பன்னெண்டு ரெண்டுக்கு அமுக்கினேன். திரை கருவண்டாட்டம் கெடக்குது. மொளகாயும் உப்பும் சுத்திப் போட்டேன், தும்மல் எனக்குத்தான் வந்துது. தெரு கலைஞ்சி போச்சி. உங்கம்மா எலை போட்டா, சோறு போட்டா, முந்தின நாளு காரக்குழம்பையே சூடு பண்ணி ஊத்தினா. நான் அதைச் சாப்பிட்டேன். வாயே தொறக்கல.

சனிக்கிழமை உங்கப்பன் வண்டியில கள்ளக்குறிச்சிக்குப் போயி ஒரு செல்போன் கடையில காட்டினோம். கடைக்காரன் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஓரமெல்லாம் ஏங்க மஞ்சளா இருக்குது?"ன்னான். பொட்டுன்னேன். "ஆயா, இது போயிடுச்சி, வூட்டுல மாலை போட்ட படத்துக்குப் பக்கத்துல வச்சிடுங்க"ன்னுட்டான். எனக்கு மனசு ஆறல. வியாழக்கிழமை உங்க தாத்தாவை இழுத்துக்கினு கச்சிராயபாளையம் போயி மலை பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போனேன். அங்க நாம வருசா வருசம் சாமை வாங்கற வேடியப்பன், சோலார் லைட்டு, டிவி பொட்டி எல்லாம் ரிப்பேர் பண்ணுவாரே, அவர்கிட்ட குடுத்தேன். நடந்ததை எல்லாம் ஒழுங்கா கேட்டுக்கினாரு. ராகு காலத்துக்கு மட்டும் லேசா சிரிச்சாரு. "இது சாவலீங்க ஆயா. பாதியில நின்னு முழிச்சிக்கினு இருக்குது. நாலஞ்சி நாளு யாரும் தொடாதீங்க, இருக்கிற சார்ஜ் சுத்தமா எறங்கட்டும். அப்பறம் சார்ஜ் ஏத்தி, ரெண்டு பட்டனையும் இருவது எண்ற வரைக்கும் அமுக்கிப் புடிங்க. பட்டியல் வந்தா முதல்லேர்ந்து ஏத்துங்க, இந்தத் தடவை காலண்டரை உள்ள வச்சிடுங்க"ன்னாரு. நல்ல மனுசன், எனக்கு ஆறுதல் சொல்றாருன்னு நினைச்சிக்கினேன். ரெண்டு படி சாமை வாங்கிக்கினு வந்து டேப்லெட்டைப் பரண் மேல போட்டுட்டேன்.

இப்ப என் கதியைக் கேளு. இன்னையோட பதினோரு நாளு. ரசத்துல மொளகு இல்ல, நான் பேசல. பொரியல்ல தேங்காய் காணோம், நான் பேசல. சாமைச் சோத்தைக் களியாக்கி வச்சா, மலையேறிப் போயி வாங்கினாந்த சாமை கண்ணு அது, அப்பவும் நான் பேசல. தொண்டைக்குழியில எல்லாம் வரிசையா நிக்குது. உங்கம்மா முதல் மூணு நாளு சிரிச்சிக்கினு இருந்தா. நாலாவது நாளு, "இன்னாங்க அத்த, உப்பு சரியா இருக்குதா?"ன்னா. நான் தட்டைப் பாத்தேன். அஞ்சாவது நாளு, "கம்மியா, ஜாஸ்தியா, அதையாச்சும் சொல்லுங்களேன்"ன்னா. நான் செவுத்தைப் பாத்தேன். பந்தயம்னா பந்தயம். உங்க தாத்தா, "வூடு கோயிலாட்டம் இருக்குது"ன்னு சந்தோசமா சொல்றாரு. அவரையும் ஒரு கை பாக்கணும், அதுக்கும் வாய் வேணும்.

அதனால எழில்மதி, இந்தக் கடுதாசி கண்டதும் லீவு போட்டுட்டு வந்து டேப்லெட்டை எழுப்பிக் குடு. நாள் தவறினாலும் காரியம் நடந்துச்சின்னு சொல்லி பந்தயத்தைத் திருப்பிடலாம், செல்லியம்மாவை நான் பேசி சரிக்கட்டிக்கிறேன். உன்னால முடியலைன்னா அந்த லினக்ஸ் எழுதற வேலையை வுட்டுடு. ஒரு கெழவி பாதியில நிறுத்தினா தாங்காதது என்னா சிஸ்டம்? நான் சொன்னது கோவத்துல சொன்னது, வுட்டுடாதே. போன்ல இதெல்லாம் பேச முடியாது. ஒரு போன் உங்கம்மாகிட்ட இருக்குது, இன்னொண்ணுல உங்க தாத்தா பேசினா கச்சிராயபாளையம் வரைக்கும் கேக்கும்.

நேரத்துக்கு சாப்பிடு. எண்ணெய் வச்சிக் குளி. மாரியம்மா உன் கண்ணையும் கையையும் நல்லா வச்சிருக்கணும், நீ எழுதற தமிழ் ஊர் ஊரா ஓடணும். தாத்தா கண்ணாயிரமும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், ஆனாலும் சொல்லியிருப்பார்.

இப்படிக்கு
உன் ஆயா
க. ராணியம்மாள்

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. பால் கூப்பன் என்று நினைத்து உன் தாத்தா இந்தக் கடுதாசியை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தார், அதுவும் நல்லதுக்குத்தான். நீ வரவேண்டாம் கண்ணு. நேத்து உங்கம்மா தையக்காரிகிட்ட போயிருந்தப்ப, சும்மா வேடியப்பன் வார்த்தைக்கு மரியாதை குடுப்போமேன்னு, முந்தின ராத்திரி பரண்லேர்ந்து எறக்கி சார்ஜ் ஏத்தி வச்சிருந்த டேப்லெட்டை எடுத்து, ரெண்டு பட்டனையும் அமுக்கிப் புடிச்சி இருவது எண்ணினேன். பட்டியல் வந்துது. முதல்லேர்ந்து ஏத்தினேன். எண்பத்து மூணு வந்தப்ப கண்ணை மூடிக்கினேன். தொறந்து பாத்தா, "வணக்கம். எல்லாம் தயார்"ன்னு நிக்குது. நல்லா எழுதியிருக்கே. பாட்டு உடனே பாடுது, அந்த சமையல்காரம்மா சோறு வேகறதுக்குள்ள குழம்பையே எறக்கிட்டா. அணைச்சி, துணியில சுத்தி, கேவுரு தானியம் கொட்டி வைக்கிற டிரம்முல அடியில வச்சிட்டேன். யாருக்கும் தெரியாது. பொங்கல் கழிச்சித்தான் அது உயிர் பொழைக்கும். ஏன்னா நேத்து ராத்திரி சாப்பாட்டுல உங்கம்மா என் எதிர்ல ஒக்காந்து, "அத்த, என்னை நாலு திட்டாச்சும் திட்டுங்க, இப்படி பேசாம இருந்தா எனக்குக் கையே ஓடமாட்டேங்குது"ன்னு கண்ணைக் கசக்கினா. இன்னைக்குக் காலையில என் அளவுலயே புளி கரைச்சி, அம்மியில மொளகா அரைச்சி, கத்திரிக்காயை வேகவச்சி, காரக்குழம்பு வச்சா. இருபத்தாறு வருசமா பேசிப் பேசி வராத ருசி பதிமூணு நாளு பேசாததுல வந்துடுச்சி. இதைக் கெடுத்துக்க நான் என்ன பைத்தியமா? ஆனா ஆயா ஜெயிச்சிட்டான்னு ஒருத்தருக்காச்சும் தெரியணும் இல்ல, அதான் உனக்கு எழுதறேன். படிச்சதும் கிழிச்சிடு. இன்னொண்ணு, உங்க தாத்தாகிட்ட மட்டும் மூச்சு வுடாதே: அது ஏறி முடிஞ்சது செவ்வாய்க்கிழமை மூணே முக்கால் மணிக்கு. அது என்னா நேரம்னு நீயே காலண்டர்ல பாத்துக்க.