மாப்பிள்ளை போட்ட லாக் கிராஃப்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம். என் ரத்த அழுத்தம் மட்டும் நலமில்லை. அங்கே உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது மரபு. பெட்டியும் கையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்ற உங்கள் மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகு அந்த ஆவல் எனக்கு வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையில் குறை வைக்கக் கூடாது என்பதால் கடிதம் முழுக்க உங்களை 'நீங்கள்' என்றே எழுதியிருக்கிறேன். எந்தெந்த இடத்தில் அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன் என்பது படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். ரத்தப் பரிசோதனைக் கருவி ஒன்றுக்காக என் பெண் ஒரு வருஷமாக மாங்கு மாங்கென்று உழைத்து ஒரு சர்க்யூட் செய்திருக்கிறாள். நீங்களும் அதே கம்பெனியில் அதே மாடியில் உட்கார்ந்து, மற்றவர்கள் செய்ததைச் சரிபார்ப்பதாகச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறீர்கள். அந்தச் சர்க்யூட்டைச் சாமான் வாங்கிச் செய்யும் முன்பே கம்ப்யூட்டரில் வரைந்து, வோல்ட்டேஜ் ஏற ஏறக் கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று கோடு போட்டுக் காட்டும் சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறதாம். அதில் நீங்கள் கோடு போட்டீர்கள். போட்டதோடு நிறுத்தினீர்களா? பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், சுவர் அகலத்துக்குத் திரையில் அதைக் காட்டி, கட்டின பெண்டாட்டியைப் பார்த்து, "உன் சர்க்யூட் ஒழுகுது, இதக்கூடப் பாக்கலியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வரும் திங்கட்கிழமை அவள் சர்க்யூட்டைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டுப் பழையதையே வைத்துக்கொள்வதாகப் பேச்சு. ஒரு வருஷ உழைப்பு! "தனியா கூப்ட்டு சொல்லியிருந்தா நானே உக்காந்து பாத்திருப்பேம்பா. பத்துப் பேர் முன்னாடி சொன்னார்" என்று மட்டும் சொன்னாள். தட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது, மாப்பிள்ளை.

சரி, எவ்வளவுதான் ஒழுகுகிறது என்று கேட்டேன். ஒரு ஆம்பியரை லட்சம் கோடிப் பங்கு போட்டு அதில் ஒரு பங்காம்! இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நான் ஆயுள் முழுக்கத் துணை மின்நிலையத்தில் சுவிட்ச் அறையில் வேலை பார்த்தவன். அங்கே ஒரு முழு ஆம்பியர் காணாமல் போனாலும் யாரும் எழுந்து தேட மாட்டோம். ரத்தத்தைக் கடந்து வருகிற மங்கின வெளிச்சத்தை அளக்கிற கருவி, அதில் அந்தத் துளிகூட கணக்குத்தான் என்று அவளே உங்களுக்காகப் பரிந்து பேசினாள். பாருங்கள், அவளுக்கு எவ்வளவு நல்ல மனசு. எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது.

அப்புறம்தான் அந்தக் கிராஃபைக் காட்டினாள். பார்த்தவுடன் உங்கள் சூது எனக்குப் புரிந்துபோயிற்று. சாதாரண கிராஃபில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனுஷன் எண்ணுகிற மாதிரி அளவு இருக்கும். நீங்களோ இரண்டு பக்கமும் லாக் அளவு வைத்திருக்கிறீர்கள். ஒரு கோடு மேலே போனால் பத்து மடங்கு, கீழே வந்தால் பத்தில் ஒன்று, அதற்கும் கீழே அதில் பத்தில் ஒன்று. எவ்வளவு இறங்கினாலும் அடியில் இன்னொன்று இருக்கும், பூஜ்யம் மட்டும் வரவே வராது. பூஜ்யமே இல்லாத அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால் எந்தப் பெண்டாட்டி சுத்தமானவளாகத் தெரிவாள்? நீங்களே சொல்லுங்கள். அதே சமயம் உங்கள் விஷயம் என்றால் அளவு மாறிவிடும். போன மாதம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டே மாடிக்குப் போனது யார்? கீழ்வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருக்க, மேலே கூரைப்பூச்சு ஊறிப் பெயர்ந்து அவர் கால்மாட்டில் விழுந்ததே, அப்போது என்ன சொன்னீர்கள்? "லேசா ஈரம், அவ்வளவுதான் மாமா." லேசா ஈரம்! அந்த மனிதர் குடையோடு வந்து கதவைத் தட்டினார். உங்கள் தப்புக்குச் சாதா அளவு, என் பெண்ணின் தப்புக்கு லாக் அளவா? இது எந்த ஊர் நியாயம்?

வெறும் வாயால் திட்டுகிறவன் நான் இல்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் கம்ப்யூட்டரைத் திறந்து நானே அந்தச் சாஃப்ட்வேரில் இறங்கினேன். பெரிய வித்தை என்று நினைத்தேன், ஒன்றுமில்லை, சின்னப் பிள்ளை படம் வரைகிற மாதிரிதான். அவள் சர்க்யூட்டில் காவலுக்கு இருப்பது டையோடு, அதாவது கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற ஒருவழிக் கதவு. அதனால் தேவையில்லாத சாமானையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பாட்டரி, ஒரே ஒரு டையோடு, அவ்வளவுதான் வரைந்தேன். சாஃப்ட்வேர் தானாகவே ஏதோ பொடிப்பொடி அளவை எடுத்துக்கொண்டு கோட்டைச் சாய்த்துக் காட்டப் பார்த்தது. அதுவும் உங்களிடம் பழகினதுதானே! நான் விடவில்லை. கரண்ட் அளவைப் பூஜ்யத்திலிருந்து ஒரு ஆம்பியர் வரை என்று மனுஷத்தனமாக மாற்றி வைத்தேன். வோல்ட்டேஜை ஏற்றினேன், ஏற்றினேன், கோடு அசையவில்லை. தரையில் பாய் விரித்த மாதிரி பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கிறது. ஒரு சொட்டு ஒழுகல் இல்லை! அந்தப் படத்தைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அதே பத்துப் பேர் முன்னால், அதே திரையில் இதைக் காட்டி என் பெண்ணிடம் மன்னிப்புக் கேளுங்கள். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால் மாமனாரைக் கேட்கச் சொல்லுங்கள், நான் விளக்கிச் சொல்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. உங்கள் தாயார் தகப்பனாருக்கு என் வணக்கம். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்களுக்கான ஆசீர்வாதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் பெண்ணோடு சேர்ந்து வந்து நின்றால் கொடுக்கப்படும்.

இப்படிக்கு,
மரியாதை குறையாத,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும், மனசு ஆறும் என்று பெண்ணிடம் கொடுத்தேன். கடிதத்தை அவள் படிக்கவில்லை. படத்தைத்தான் பார்த்தாள். "அப்பா, இந்த டையோட யார் தலைகீழா போட்டது?" என்றாள். நான்தான் போட்டேன். அதில் தலை எது, கால் எது என்று யார் கண்டார்கள்? "கதவச் சாத்திட்டு, உள்ள யாரும் வரலைன்னு சொல்றீங்களேப்பா" என்று சிரித்தாள். வந்ததிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு. போனால் போகட்டும் என்று நானும் அசடு வழிந்தேன். அப்புறம் உட்கார்ந்து, உங்களை மாதிரியே இரண்டு பக்கமும் லாக் அளவு வைத்தாள். கரண்ட் எதிர்ப்பக்கம் ஓடுகிறது, மைனஸ் எண்ணுக்கு லாக் கிடையாது என்று சாஃப்ட்வேர் முரண்டு பிடித்தது. கரண்ட்டுக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டாள். போட்டதும் கோடு ஒன்று சாய்வாக மேலே ஏறிற்று. அவள் கூட்டத்தில் பார்த்த அதே ஒழுகல்!

மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். "அப்பா... இதுல என் சர்க்யூட்டே இல்லியே?" என்றாள். "இல்லம்மா, ஒத்த டையோடுதான். மத்ததெல்லாம் எனக்கு வரைய வரல" என்று உண்மையைச் சொன்னேன். பாய்ந்துபோய்ப் போனை எடுத்தாள். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். எனக்கும் தெரியும், நான் பக்கத்தில்தான் நின்றேன். கணக்கு எங்கேயும் முட்டிக்கொண்டு நிற்காமல் இருக்க, சாஃப்ட்வேரே ஒவ்வொரு டையோடுக்கும் குறுக்கே நம் கண்ணில் படாமல் ஒரு ரெசிஸ்டரை, அதாவது துளிக் கரண்ட் கசிகிற ஒரு பாதையை, போட்டுக்கொள்கிறதாம். ஒழுகினது அதன் வழியாகத்தானாம், நிஜச் சர்க்யூட்டில் அது கிடையவே கிடையாதாம். சாஃப்ட்வேரில் அந்தக் கசிவின் அளவைக் குறைத்தவுடன் அவள் சர்க்யூட்டின் கோடும் கீழே விழுந்துவிட்டது. "ஐயோ, அதை நான் பாக்காமப் போயிட்டனே! பத்துப் பேர் முன்னாடி சொன்னேன்ல, பத்துப் பேர் முன்னாடியே தப்புன்னு சொல்றேன். நீ கிளம்பி வா" என்று நீங்கள் சொன்னதைக் கேட்டேன். "மாமா எப்படிக் கண்டுபிடிச்சார்?" என்று நீங்கள் கேட்டதையும், அதற்கு அவள் சொன்ன பதிலையும், அப்புறம் இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்ததையும் கேட்டேன்.

ஆக, சர்க்யூட்டில் தப்பில்லை, அவள் சரி. லாக் அளவில் பார்த்தால்தான் தெரியும் என்றீர்கள், நீங்களும் சரி. தப்புச் செய்த ஆள் இந்தக் கடிதத்தை எழுதியவன் ஒருவன்தான். மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அவள் விடவில்லை. கையோடு கொண்டுவந்து உங்களைச் சத்தமாகப் படிக்க வைக்கப் போகிறாளாம். குழாய் விஷயத்தை மட்டும் நானே அடிக்கவில்லை.

பெட்டியை மூடிவிட்டாள். வாசலில் நின்று, "அப்பா, இன்னும் எழுதி முடிக்கலியா?" என்கிறாள். இந்த வீட்டில் இரண்டு பேர் சாப்பிட்டுப் பழகிவிட்டது, இனி மறுபடி ஒரு தட்டுதான். அது என் பாடு. திங்கட்கிழமை திரையில் என் படத்தைத்தான் முதலில் காட்டப் போகிறீர்களாமே? தாராளமாகக் காட்டுங்கள். அளவை ஒரு ஆம்பியர் வரை வைத்தது யார் என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். டையோடை மட்டும் மாமா வேண்டுமென்றேதான் தலைகீழாகப் போட்டார் என்று சொல்லுங்கள், மாப்பிள்ளை.