ஃபர்ஸ்ட் ஜெனரேஷன் லேப்டாப்

செஞ்சி,
புதன்கிழமை.

அன்பு மகள் கலைமதிக்கு உன் நைனா காமராஜ் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், உன் பழைய காலேஜ் லேப்டாப்பும் இப்போது நலம். ‘இப்போது’ என்று எழுதியிருக்கிறாரே, நடுவில் என்ன ஆயிற்று என்று பதறாதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். பாதியில் உன் அம்மா பிடுங்கி அவள் பாணியில் சொல்லி முடித்துவிடுவாள். அதனால் இதை முறுக்கு டப்பாவுக்குள் வைத்து, ஓசூர் வண்டி ஓட்டும் பச்சமுத்துவிடம் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் கடிதம், பிறகு முறுக்கு.

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன் சும்மா உட்கார்ந்தால் அம்மாவோடு சண்டைதான் போடுவான் என்று நீதான் அந்த லேப்டாப்பில் பஸ் ஓட்டும் கேமைப் போட்டுக் கொடுத்தாய். ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் இங்கிருந்து ஒரு வண்டி, நீ ஓசூரிலிருந்து ஒரு வண்டி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஏதோ வெளிநாட்டு மலைப்பாதையில் ஒன்றின் பின் ஒன்றாகப் போகிறோம். போனில் பேசினால் ‘சாப்டியா’, ‘சாப்ட்டேன் நைனா’ என்பதோடு நமக்குப் பேச்சு தீர்ந்துவிடும். வண்டி ஓடும்போதுதான் நீ ஆபீஸ் கதையெல்லாம் சொல்கிறாய். வாரத்தில் எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் பெரிசு. போன ஞாயிறு உன் லேப்டாப் அதிலேயே கை வைத்துவிட்டது. மூணாவது வளைவில், “நைனா, ஒரு விஷயம் சொல்லணும். எங்க ஆபீஸ்ல எழிலன்னு ஒருத்தரு...” என்றாய். அவ்வளவுதான். படம் நின்றுவிட்டது, சத்தம் நின்றுவிட்டது, என் பஸ் பாதி பள்ளத்துக்கு மேலே தொங்குகிறது. “எழிலனுக்கு இன்னா? இன்னா ஆச்சு எழிலனுக்கு?” என்று நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்துவிட்டாள். மறுபடி ஓடத் தொடங்கியபோது “ஒண்ணும் இல்ல நைனா, அப்புறம் சொல்றேன்” என்றாய். எழிலன் யார் என்று நான் கேட்கவில்லை, கவனி. லேப்டாப் ஏன் நின்றது என்றுதான் யோசித்தேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை என்றால் அது லேப்டாப் கவலைதான்.

திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே, திருவண்ணாமலை ரோட்டில் லேப்டாப் ரிப்பேர் செய்யும் ஜெயக்கொடியின் கடை வாசலில் நின்றேன். கெட்டிக்காரப் பெண். போட்டுப் பார்த்துவிட்டு, “கேம் நல்லா ஓடணும்னா பிராசசர மாத்தணும் டிரைவர் சார். இது எந்த ஜெனரேஷன்?” என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்தி “ஃபர்ஸ்ட் ஜெனரேஷன்மா” என்றேன். “அப்ப ரொம்பப் பழசு சார், அதுக்கு இப்ப எதுவும் சேராது” என்றாள். எனக்கு வந்ததே கோபம்! நேரே வீட்டுக்கு வந்து, நான் தாலுகா ஆபீசுக்கு ஏழு நடை நடந்து வாங்கிய உன் முதல் தலைமுறைப் பட்டதாரி சர்டிபிகேட்டை, லேமினேஷன் போட்டது போட்டபடி, கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்தேன். இரண்டு தரம் படித்தாள். “சார், இது உங்க பொண்ணோட ஜெனரேஷன். நான் கேட்டது லேப்டாப்போட ஜெனரேஷன்” என்றாள். “பொண்ணோட லேப்டாப்புதானம்மா?” என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவள் வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அது செகண்ட் ஜெனரேஷனாம். “நானும் அவங்க அம்மாவும் எட்டாவதே தாண்டல, அது எப்பிடிம்மா செகண்ட் ஆவும்?” என்று கேட்டதும், ஸ்குரூ விழுந்துவிட்டது என்று மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டாள்.

மேல்சித்தாமூர் நெல் வியாபாரி ஒருவரின் உடைந்த லேப்டாப்பிலிருந்து எடுத்த பிராசசர் அவளிடம் இருந்தது. உன்னுடையது மூணாம் நம்பர், இது அஞ்சாம் நம்பர், வேகம் கூட. நேற்று நம்முடையதைப் பிரித்தாள். உள்ளே இருந்த ஃபேனில் ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு. அதை ஊதித் தள்ளிவிட்டு, “பிராசசர் மேல சூடு தணிய வைக்கிற பேஸ்ட் காஞ்சு போச்சு சார், புதுசா வைக்கணும்” என்றாள். எனக்குப் பல்பொடிதான் பழக்கம் என்றேன். மறுபடி தண்ணீர் குடிக்கப் போனாள். அந்த நேரத்தில் நான் சும்மா இருப்பேனா? தட்டில் கிடந்த பழசையும் புதுசையும் என் துண்டால் பளபளவென்று துடைத்து, புதுசை நானே எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பழசு ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஓட்டினால், மூணாவது வளைவு, நாலாவது வளைவு, ஒரு குலுக்கல் இல்லை! பிராசசர் என்றால் பிராசசர்தான் மகளே.

ஆகவே வரும் ஞாயிறு பத்து மணிக்கு வண்டியை எடு. போன வாரம் பாதியில் நின்ற பேச்சு ஏதும் இருந்தால் அதையும் ஏற்றிக்கொண்டு வா. இல்லாவிட்டாலும் வா. நீ போகிற ரோடெல்லாம் பள்ளமில்லாமல் இருக்கவும், பிடிக்கிற நேரத்தில் பிரேக் பிடிக்கவும் வாழ்த்தும்,

உன் நைனா,
காமராஜ்.

பின்குறிப்பு: டப்பாவை மூடப் போகும் நேரத்தில் உன் அம்மா என் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையிலிருந்த பிராசசரைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, “இதுல அஞ்சுன்னுல்ல போட்டிருக்குது?” என்றாள். பார்த்தேன். அஞ்சுதான். நான் ஜெயக்கொடி கையில் எடுத்துக் கொடுத்தது பழசை. வண்டி இப்போது ஓடுவது அந்தப் பஞ்சு போய்ச் சூடு தணிந்ததால் மட்டும்தான். இதற்கா இத்தனை பாடு என்று அம்மா கேட்க, வேறு வழியில்லாமல் எழிலன் பேச்சு நின்றதையும் சொன்னேன். “அந்தப் புள்ளையா? எனக்கு ஆறு மாசமா தெரியுமே. என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், லேப்டாப்ப எதுக்குப் பிரிச்சீங்க?” என்கிறாள். போட்டோ வேறு வைத்திருக்கிறாளாம், காட்டட்டுமா என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். நீ சொல்லித்தான் நான் கேட்கணும். அதனால் எனக்கு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மூணாவது வளைவில் முதலிலிருந்து ஆரம்பி. அந்தப் பையனுக்கு ஓட்டத் தெரிந்தால் அவனையும் ஒரு வண்டி எடுத்துக்கொண்டு பின்னால் வரச் சொல். என்னை ஓவர்டேக் மட்டும் பண்ணக்கூடாது.