முப்பத்தெட்டு மாணவர், நாற்பத்தொரு பதில்

மூன்றாவது முறையாக ரெக்கார்டு நோட்டு திரும்பி வந்திருந்தது. ‘கற்றலில் டிஜிட்டல் ஊடகம்: ஒரு பயிற்சி ஆசிரியையின் பிரதிபலிப்புகள்’ என்று செவ்வந்தி மூன்று நிற ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்த தலைப்புக்குக் கீழே, பிரபாவதி மேடம் சிவப்பு மையில் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: ‘சான்று எங்கே?’

பி.எட். கல்லூரியில் அந்தச் சிவப்புப் பேனாவுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. எழுதியது போதாது என்று போனிலும் பிடித்துக்கொண்டார்.

“டிஜிட்டல் ஊடகம் மாணவர் மனதில் மலர்ச்சியை ஏற்படுத்துகிறதுன்னு எழுதியிருக்க. எந்த மாணவன்மா? எப்ப மலர்ந்தான்?”

“மேடம், அது பொதுவா…”

“பொதுவா எல்லாம் வேணாம். வர்ற வெள்ளிக்கிழமை நானே உன் ஸ்கூலுக்கு வர்றேன். அன்னிக்கும் சான்று இல்லன்னா கையெழுத்து இல்ல. கையெழுத்து இல்லன்னா ஃபைனல் எக்ஸாம் எழுத முடியாது.”

ஒரு வருடம் பாழ். சுரங்கத்தில் இருபது வருடமாகக் கான்ட்ராக்டில் இருக்கும் அப்பா சிங்காரவேல், ‘எம் பொண்ணு டீச்சர்’ என்று இப்போதே மந்தாரக்குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் செவ்வந்திக்குப் பெரிய கவலை.

நெய்வேலி நகரியத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு பி பிரிவு அவளுக்குப் பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்டிருந்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முக்கால்வாசிப் பேர் மந்தாரக்குப்பத்திலிருந்து வருகிறவர்கள். வகுப்பாசிரியர் வைத்திலிங்கம் ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருந்ததால் எதற்கும் பதறமாட்டார்.

“வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ போடு. பதில் கேளு. வர்றத போட்டோ புடிச்சு ஒட்டு. சான்று வந்துடுச்சா?” என்றார். “ஆனா கொஞ்சம் மிரட்டி எழுதும்மா. இல்லாட்டி ஒரு புள்ளயும் திரும்பிப் பாக்காது.”

செவ்வந்தி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ‘எரிதல்’ பாடத்தை வீடியோவாக்கினாள். சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. அதனால் குரலுக்கு ஒரு செயலியைப் பிடித்தாள். அந்தச் செயலிக்குள் இருந்த ஆண் குரல், வடநாட்டிலிருந்து மாற்றலாகி வந்த பெரிய அதிகாரி தமிழ் பேசுவது போலப் பேசியது. “நெறுப்பு எறிவதற்கு மூன்று பொறுல்கள் தேவை” என்றது. போகட்டும், விஷயம் சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

கீழே வைத்திலிங்கம் சார் சொன்னபடி எழுதினாள். ‘எரிதல் குறித்த பயிற்சி. அனைவரும் கட்டாயம் பார்க்க வேண்டும். நாளை காலை எட்டு மணிக்குள் பதில் அனுப்பாதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’

‘8 B’ என்ற குழுவைத் தேடி மாலை ஏழு மணிக்கு அனுப்பினாள். இரவு வரைக்கும் ஒரு பதிலும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் அலற ஆரம்பித்தது. எட்டு மணிக்குள் நாற்பத்தொரு பதில்கள் வந்திருந்தன.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பிலிருந்து நாற்பத்தொரு பதில் எப்படி வரும் என்று வேறு யாராவது இருந்தால் யோசித்திருப்பார்கள். செவ்வந்தி யோசிக்கவில்லை. நீண்ட நாளாகப் பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கூட டிஜிட்டல் ஊடகம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது என்று பிரதிபலிப்பில் எழுதினாள். ‘மாணவர்கள் அதிகாலையில் எழுந்து படிக்கும் பழக்கம் பெற்றுள்ளனர்’ என்று இன்னொரு வரியும் சேர்த்தாள்.

வகுப்பில் போய், “வீடியோ எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“எந்த வீடியோ மிஸ்?” என்றது வகுப்பு.

வைத்திலிங்கம் சாரிடம் சொன்னாள். “எட்டாங்கிளாசு அப்படித்தாம்மா. வூட்ல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு. கண்டுக்காத” என்றார் அவர். அவளும் கண்டுகொள்ளவில்லை.

அன்று மாலையே அதே குழுவில் இருபது மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு வைத்தாள். எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றலாமா, விறகை விட மண்ணெண்ணெய் ஏன் சீக்கிரம் பிடிக்கிறது, குவித்து வைத்த பழுப்பு நிலக்கரி ஏன் தானாகவே பற்றிக்கொள்கிறது என்பது போல ஐந்து கேள்விகள். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பதில்கள் கொட்டின. திருத்தி, போன் எண் வாரியாக மதிப்பெண் பட்டியலும் போட்டாள்.

உடனே ஒரு எண்ணிலிருந்து செய்தி வந்தது. ‘மேடம் ரெண்டு மார்க் சேத்து போடுங்க. புள்ளகுட்டிக்காரன்.’

செவ்வந்தி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். ‘டிஜிட்டல் தளம் மாணவரின் நகைச்சுவை உணர்வையும் வளர்க்கிறது’ என்று எழுதி, அந்தச் செய்தியையும் பிரிண்ட் எடுத்து ஒட்டினாள். ரெக்கார்டு நோட்டு கர்ப்பிணி மாதிரி வீங்கியிருந்தது.

புதன்கிழமை காலை. சிங்காரவேல் பல்லைத் துலக்கிவிட்டு வந்து மகள் பக்கத்தில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“செவ்வந்தி, உனக்கு ஆபீஸ் பக்கம் யாரையாவது தெரியுமா?”

“ஏம்ப்பா?”

“எங்க பஸ்ஸுல எல்லாருக்கும் என்னமோ டெஸ்ட்டு வெக்கிறாங்களாம். படிச்சிகினு இருக்கானுங்க. பாஸானவன பர்மனென்ட் ஆக்குவாங்களாம், ஃபெயிலானவன் கேட் பாஸ புடுங்கிடுவாங்களாம். என்னுது பட்டன் போனு. எனக்கு மட்டும் வரல. எம்பேர லிஸ்ட்லயே சேக்கலயோ என்னமோ.”

“என்ன டெஸ்ட்டுப்பா?”

“நெருப்பு எரியறதுக்கு மூணு பொருள் வேணுமாமே.”

செவ்வந்தி சட்டென்று போனை எடுத்துப் பார்த்தாள். ‘8 B’ என்று இரண்டு குழுக்கள் இருந்தன. ஒன்று எட்டாம் வகுப்பு பி. பிள்ளைகளின் அம்மாக்களுடைய எண்களைச் சேர்த்து அவள் ஆரம்பித்தது. அதில் ஆரம்பித்த அன்று போட்ட ‘வணக்கம்’ மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. இன்னொன்று சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் எட்டாம் நம்பர் பஸ், மத்தியான பி ஷிப்ட். பஸ் கிளம்பும் நேரத்தைச் சொல்வதற்காக அப்பா கேட்டு அவளே போன மாதம் ஆரம்பித்துக் கொடுத்தது.

“அப்பா, அந்த குரூப்ப நான்தான் போட்டேன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“எம் பொண்ணு போட்டான்னா எவன் மதிப்பான்? ஆபீஸ்ல போட்டுக் குடுத்தாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

கட்டாயம், நடவடிக்கை, அதிகாரிக் குரல், நிலக்கரியில் தீ. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது அவளே பஸ்ஸில் இருந்திருந்தால் அவளும் பதில் எழுதியிருப்பாள்.

அவசர அவசரமாக அந்தக் குழுவில் எழுதினாள். ‘இந்தத் தேர்வு உங்களுக்கு அல்ல. தவறுதலாக வந்துவிட்டது.’

‘எங்களுக்கு இல்லன்னா யாருக்கு? ஏ ஷிப்ட்டுக்கா?’ என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு ஏ ஷிப்ட்காரர்களைப் பற்றி வந்த பன்னிரண்டு செய்திகளை இங்கே எழுத முடியாது.

பதறிப்போய், ‘தேர்வு ரத்து செய்யப்படுகிறது’ என்றாள்.

‘அப்ப இருபதுக்கு இருபது எடுத்தவன் கேனயனா?’ என்று கேட்டார் முழு மதிப்பெண் வாங்கிய பெரியண்ணன் என்பவர். வியாழக்கிழமை ஷிப்டுக்குப் போகும்போது எல்லாரும் திரண்டு போய் சூப்பர்வைசரிடம் நியாயம் கேட்பது என்று முடிவாயிற்று. அவர் விசாரித்தால் குழுவை யார் போட்டது என்று தெரிந்துவிடும். கையெழுத்து போனால் ஒரு வருடம்தான். அப்பாவின் வேலையே போய்விட்டால் என்ன செய்வது?

சரியான குழுவுக்கும் வீடியோவையும் தேர்வையும் அன்று மாலை அனுப்பிப் பார்த்தாள். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறிகள் வந்தன. பதில் ஒன்றுகூட வரவில்லை. எந்தப் பிள்ளையும் மலரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் வைத்திலிங்கம் சாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, ஸ்கூட்டியை விரட்டி மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். சாப்பாட்டுப் பையும் ஹெல்மெட்டுமாக நாற்பது பேர் நின்றிருந்தார்கள். ஓரமாக நின்றிருந்த சிங்காரவேல் மகளைப் பார்த்ததும் கும்பலுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“அண்ணே, மாமா, எல்லாரும் என்ன மன்னிக்கணும்ங்க” என்றாள் செவ்வந்தி. “அது ஆபீஸ் டெஸ்ட்டு இல்லீங்க. எட்டாங்கிளாஸ் பாடம். நான்தான் குரூப்பு மாத்தி அனுப்பிட்டேன். எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. திட்டறதுன்னா என்னத் திட்டுங்க.”



“எட்டாங்கிளாசா?” என்றார் பெரியண்ணன் மெதுவாக.

“ஆமாங்க. ஆனா நீங்க வாங்கின மார்க்கு உங்களோடதுதாங்க. உண்மையிலயே நல்லா எழுதியிருந்தீங்க.”

அவ்வளவு பெரிய மனிதர் சட்டென்று குனிந்து செருப்பைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் பஸ் வருகிறதா என்று பார்த்தார். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாவம், மனது விட்டுப்போய்விட்டது என்று செவ்வந்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“சரி வுடு பாப்பா. படிக்கிற புள்ள, தெரியாம பண்ணிட்ட” என்றார் பெரியண்ணன். “சூப்பர்வைசர் கிட்ட யாரும் எதுவும் கேக்க வேணாம். மார்க்கு பேச்சையே யாரும் எடுக்க வேணாம்டா. கெளம்புங்க.”

அவள் எதிர்பார்த்ததில் பாதித் திட்டுகூட விழவில்லை. பஸ் கிளம்பியது. ஜன்னலிலிருந்து சிங்காரவேல் கை காட்டினார்.

அன்று சாயங்காலம் ரெக்கார்டு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்படியே கொடுத்தால் கையெழுத்து நிச்சயம். சான்று கொழுகொழுவென்று இருக்கிறது. யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் நாற்பது பேர் முன்னால் உண்மையைச் சொன்ன வாய், ஒரு நோட்டுக்குப் போய்ப் பொய் சொல்ல மறுத்தது. கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: ‘இதில் ஒட்டியுள்ள நாற்பத்தொரு பதில்களும் என் மாணவர்களுடையவை அல்ல. குழு மாறிப் போய், சுரங்கத் தொழிலாளர்கள் அனுப்பியவை. என் வகுப்பில் ஒரு பிள்ளையிடமிருந்தும் பதில் வரவில்லை. இதுவே என் உண்மையான பிரதிபலிப்பு.’

வெள்ளிக்கிழமை இரண்டாம் பீரியடுக்குப் பிரபாவதி மேடம் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் புருவம் உயர்ந்தது. கடைசிப் பக்கத்தில் இறங்கிவிட்டது.

“ஆக, நாப்பத்தொரு பதில். அதுல ஒண்ணுகூட இந்த வகுப்பு எழுதினது இல்ல” என்று எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார். “உண்மைய எழுதியிருக்க, சந்தோஷம். ஆனா உண்மை சான்று ஆகாது செவ்வந்தி.”

“தெரியும் மேடம்.”

மேடம் எழுந்து முன்னால் வந்தார். “இந்த வகுப்புக்கு என்னதான் தெரியும்னு பாத்துட்டே போறேன். நெருப்பு எரிய என்னென்ன வேணும்?”

செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணைத் திறந்தபோது முப்பது கைகள் மேலே நின்றன.

“எரிபொருள், காத்து, எரிவெப்பநிலை மேடம்.”

“எண்ணெய் பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தலாமா?”

“கூடாது மேடம். எண்ணெய் தண்ணி மேல மிதந்துகினு எரியும். எல்லாப் பக்கமும் பரவிடும்.”

“பழுப்பு நிலக்கரி ஏன் தானா பத்துது?”

இதற்கு ஐந்து பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். “குவிச்சி வெச்சா உள்ளார சூடு வெளிய போவாது மேடம். சேந்துகினே இருக்கும். எரிவெப்பநிலை வந்ததும் பத்திக்கும்.”

வாசலில் நின்றிருந்த வைத்திலிங்கம் சார், பல வருடங்களில் முதல் முறையாக ஆச்சரியப்பட்டார். செவ்வந்திக்கோ, இவர்கள் தன் பிள்ளைகள், தன் வகுப்பு, என்னமாய்ச் சொல்கிறார்கள் என்று நெஞ்சு பொங்கியது. எப்படி என்று மட்டும் விளங்கவில்லை.

பிரபாவதி மேடம் பேனாவின் மூடியைக் கழற்றினார். ஆனால் உடனே எழுதவில்லை.

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். உங்க மிஸ் அனுப்பினது குரூப்பு மாறிப் போயிடுச்சு, நீங்க ஒருத்தரும் பதில் அனுப்பலன்னு எழுதியிருக்காங்க. அப்ப இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?”

முப்பத்தெட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது பெஞ்சிலிருந்து பெரியண்ணன் மகள் ஹரிணி எழுந்தாள்.

“யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கப்பா சத்தியம் வாங்கியிருக்காரு மேடம்.”

“பரவாயில்ல, சொல்லு.”

“ஃபெயிலானா கேட் பாஸ் போயிடும்னு பயந்துகினு எங்கப்பாங்கல்லாம் போனையே எங்ககிட்ட குடுத்துட்டாங்க மேடம், அந்த நாப்பத்தொரு பதிலும் நாங்க எழுதினதுதான்.”