சுவருக்கு அந்தப் பக்கத்துப் பியானோ

மதுரை,
21.6.1999

சிரஞ்சீவி மாப்பிள்ளை பாலமுரளிக்கு, அத்தான் ராமதாஸ் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அக்காள் கனகலட்சுமி நலம், மகள் ஸ்ரீவர்ஷினி நலம், பியானோவும் நலம். நான் நலமில்லை. சென்னையில் உங்கள் நலத்தை நான் விசாரிக்காததற்குக் காரணம் கீழே வருகிறது.

தீபாவளிக்கு வந்தவர் வந்தோமா, சாப்பிட்டோமா என்று இராமல், பிள்ளை வாசித்துக்கொண்டிருந்த கீபோர்டைப் பார்த்து, "இது பொம்மை அத்தான். இதுல வாசிச்சா விரல் கெட்டுப்போகும். பியானோ வாங்கிக் குடுங்க" என்றீர்கள். "எனக்கு இதே போதும் மாமா" என்றாள் அவள். அது நம் இருவர் காதிலும் ஏறவில்லை. சுங்குடிச் சேலை விற்கிறவனுக்குப் பியானோ எங்கே கிடைக்கும் என்று என்ன தெரியும்? சிம்மக்கல்லில் ஆர்மோனியம் விற்கிற கடையில் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பியானோவாண்ணே? அதுக்கு மொதல்ல பங்களா வாங்கணும்ணே" என்றார். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல புத்தி அதுதான். நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன். பிறகு கொடைக்கானலில் யாரோ பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று நீங்களே துப்புக் கொண்டுவந்தீர்கள். அங்கே இரண்டு பியானோ இருந்தன. பிள்ளை சின்னதைத் தொட்டுப் பார்த்து, "இது நல்லாருக்குப்பா" என்றாள். நீங்கள் பெரியதில் ஒரே ஒரு கட்டையை அமுக்கி, கண்ணை மூடி, "ஆகா, தொனியப் பாருங்க அத்தான்" என்றீர்கள். நானும் தொனியைப் பார்த்தேன். வீட்டு நடையின் அகலத்தைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நம் வீடு உங்களுக்குத் தெரியாததல்ல. அப்பா விட்டுப்போன வீட்டை அண்ணனும் நானும் பிரித்துக்கொண்ட வருஷம், நடுவில் அண்ணன் சுவர் எழுப்பினார். அன்றோடு வாசலும் இரண்டாயிற்று, பேச்சும் நின்றது. என் பங்குக்கு வந்தது முன்னால் கடை, அதை ஒட்டி ஒரு குறுகல் நடை, நடை முடிகிற இடத்தில் மாடிப்படி. குடித்தனம் மாடியில். சிம்மக்கல் லோடுமேன் சோலையும் அவர் ஆட்களும் நடை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். படிக்குத் திருப்புகிற இடத்தில் பியானோ கோணலாகச் சிக்கிக்கொண்டது. சோலை வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இனி உள்ளயும் போகாது, வெளியயும் வராது. கட்டுன தாலி மாதிரி ஆகிப்போச்சுண்ணே" என்றார். நான் கீழே, பெண்டு பிள்ளைகள் மேலே. உங்கள் அக்காள் மாடியிலிருந்து, "எந்தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க!" என்று கத்தினாள். அதுவரைக்கும் நான் உங்களை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

பிள்ளை கத்தவில்லை. இறங்கி வந்தாள், படியில் உட்கார்ந்தாள், மூடியைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தாள். சோலை பற்றவைக்க எடுத்த பீடியைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். நன்றாகத்தான் இருந்தது மாப்பிள்ளை. வம்பே அதுதான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "யாரு, வர்ஷினியா வாசிக்கிது?" என்று அண்ணன் குரல் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. உங்கள் அக்காள் மாடி ஜன்னல் வழியாக மதினியிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். அவர்கள் இருவரும் அந்த ஜன்னலில் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்களாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அண்ணன் கடப்பாரையோடு வந்தார். நம் சௌராஷ்டிர பாஷையில் சொன்னால் ஆட்களுக்குப் புரியாதே என்று, வேண்டுமென்றே தமிழில் சொன்னார்: "நான் கட்டுன செவருதான? நானே இடிக்கிறேன்." இடித்தார். என் நடையில் அசையாத பியானோ, மறுவீடு போகிற பெண்ணைப் போல அவர் கூடத்துக்குள் நகர்ந்து போய் நின்றது. மதினி எல்லாருக்கும் காபி கொடுத்தார். எனக்கும் ஓட்டை வழியாக ஒரு டம்ளர் நீண்டது. நான் வாங்கவில்லை. அங்கிருந்து மாடிக்கு ஏற்றலாமே என்று சோலையைக் கேட்டேன். "ஏத்தணும்னா மாடியத்தான்ணே கீழ எறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து பியானோ அங்கேதான். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டை வழியாகப் போகிறாள். 'கேட்டுட்டு வாரேன்' என்று உங்கள் அக்காளும் போகிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறை தீர்ந்தது என்று மதினி வருகிறவர்களிடம் சொல்கிறாராம். அண்ணன் "நம்ம வீட்டுப் பியானோ" என்கிறார். யார் வீட்டு? நான் கடையில் உட்கார்ந்து, நான் வாங்கிய பியானோவைச் சுவரில் காது வைத்துக் கேட்கிறேன். போய்க் கேட்டு வாங்கிவர வேண்டியதுதானே என்பீர்கள். கேட்டால் பேச வேண்டும். பேசினால், இத்தனை வருஷம் பேசாமல் இருந்தது எதற்கு என்றாகிவிடும்.

ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, அண்ணனிடம் முகத்துக்கு நேராகப் பேசி, பியானோவை என் கடைக்குள் கொண்டுவந்து வைத்து, ஓட்டையையும் அடைத்துவிட்டுப் போகவும். பியானோ வந்தால் பிள்ளை தானாக வந்துவிடும்.

உங்கள் மனைவி ஸ்வப்னாவுக்கு எங்கள் ஆசிகள். மீனாட்சியம்மன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், பிறருக்கு யோசனை சொல்லாத வாயும் அருளட்டும்.

இப்படிக்கு,
ராமதாஸ்

பி.கு.: இதை ஒட்டப் போகும் நேரம் வாசலில் சத்தம். அண்ணனும் சோலையும் பியானோவை அவர் வாசல் வழியாக இறக்கி, என் கடைக்குள் சேலை மூட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டார்கள். நான் கேட்கவில்லை, கேட்கச் சொல்லவும் இல்லை. "ஒன் பொருளு ஒங்கிட்ட இருக்கட்டும் ராமு. நீயும் எம்புட்டு நாளுதான் செவத்துல காத வச்சிட்டே ஒக்காந்திருப்ப" என்றார் அண்ணன். நான் "ம்" என்றேன். சாயங்காலம் பிள்ளை வந்தாள். பியானோவைப் பார்த்தாள். அதன்மேல் பையை வைத்துவிட்டு, "பெரியம்மா பணியாரம் சுட்டிருக்காங்கப்பா" என்று ஓட்டை வழியாகப் போய்விட்டாள். உங்கள் அக்காள் அதற்கு முன்பே போயாயிற்று. ஆகவே நீங்கள் வர வேண்டாம். வந்தாலும் சாப்பாடு அந்த வீட்டில்தான் இருக்கும். நான் இங்கே பியானோவோடு இருப்பேன். எனக்கு வாசிக்கத் தெரியாது.